சிம்மாசனமும் கொழுந்துக் கூடையும்

நாடுகளுக்கிடையே நல்லுறவை வளர்ப்பதில் நூதனசாலைகளுக்கும் பெரும் பங்குண்டு என்பது இன்று பலரும் ஒப்புக்கொண்ட கருத்தாகும். ஒரு நாட்டின் சிலை மற்றொரு நாட்டிற் காட்சிக்கு வைக்கப்படுகின்றது. முன்னொரு காலத்தில் அள்ளிச் செல்லப்பட்ட வாளொன்று விழாவெடுத்துத் திருப்பி ஒப்படைக்கப்படுகின்றது. அமைச்சரும் தூதுவரும் கைகுலுக்குகின்றனர். மறுநாட் பத்திரிகைகளிற் படம் வெளிவருகின்றது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கனவே. ஆயினும் சரித்திரத்தை மக்களின் பக்கத்தில் நின்று நோக்குவோர் இவ்விடத்திற் சில வினாக்களை எழுப்பாதிருக்க முடியாது. கொடுப்பவர் யார்? கொள்பவர் யார்? கைமாறும் பொருள் எவருடைய வாழ்விலிருந்து பிறந்தது? எவருடைய வாழ்வு அந்தக் கண்ணாடிப் பேழைக்கு வெளியே விடப்பட்டது?

இவ்வினாக்களை எழுப்புதற்கு ஊவா மாகாணம் மிகப் பொருத்தமான நிலம். பதுளையையும் அதனைச் சூழ்ந்த மலைகளையும் தன்னகத்தே கொண்ட இம்மாகாணத்தில் மூவகை மக்கள் அந்நிய ஆட்சியின் கொடுமையை மூன்று விதமாக அனுபவித்தனர். வெல்லஸ்ஸவின் சிங்களக் குடியானவன் ஒருவன். தம்பானைக் காட்டின் வேடன் ஒருவன். தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளி ஒருவன். இம்மூவரின் சரித்திரத்தையும் ஒன்றாக வைத்து நோக்கும்போதுதான், நூதனசாலைகளின் வழியே நாடுகள் நடத்தும் உரையாடலின் பெருமையும் அதன் குறையும் ஒருங்கே புலப்படும்.

கொழும்புத் தேசிய நூதனசாலை தேசாதிபதி வில்லியம் கிறகரியின் காலத்தில், 1877ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி திறக்கப்பட்டது. அங்கே கண்டி மன்னரின் சிம்மாசனம் இருக்கின்றது. அரசுகளின் உறவு எவ்வாறெல்லாம் உருமாறும் என்பதை விளக்குதற்கு இதனினும் சிறந்த பொருள் கிடைப்பதரிது. இச்சிம்மாசனத்தை 1693ஆம் ஆண்டில் ஒல்லாந்தத் தேசாதிபதி தோமஸ் வான் றீ இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனுக்குப் பரிசாக அளித்தார். அன்று அது இராசதந்திரத்தின் கருவி. 1815ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றியபோது அது போர்க்கொள்ளை. இங்கிலாந்திலே வின்ட்சர் மாளிகையில் அது வெற்றிச் சின்னமாக விளங்கியது. 1934ஆம் ஆண்டிற் குளோஸ்டர் கோமகன் அதனையும் மன்னனின் கிரீடத்தையும் இலங்கைக்குக் கொணர்ந்து ஒப்படைத்தபோது அது மறுபடியும் பரிசாயிற்று! பறித்தவனே பரிசளிப்பவனாகத் தோன்றும் விந்தையை நாம் இங்கே காண்கின்றோம். அன்று இந்நாடு இன்னும் குடியேற்ற நாடாகவே இருந்தது. சிம்மாசனம் திரும்பியது, அதிகாரம் திரும்பவில்லை.

அச்சிம்மாசனத்தில் இறுதியாக வீற்றிருந்தவன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன். நாயக்கர் வம்சத்தவனாகிய அவனது இயற்பெயர் கண்ணுச்சாமி. நாடு கடத்தப்பட்ட அவன் 1832ஆம் ஆண்டு வேலூரிற் கைதியாகவே இறந்தான். அவன் சமாதி பாலாற்றங்கரையில் இருக்கின்றது. பொருள் வீடு திரும்பியது; மனிதன் திரும்பவில்லை. இந்த வேற்றுமையை வாசகர் மனத்திருத்த வேண்டும். பின்னர் இலட்சக்கணக்கான மனிதரைப் பற்றிப் பேசும்போது இதனை மீண்டும் நினைவுகூரவேண்டி வரும்.

கண்டியை வென்ற தேசாதிபதி றொபேட் பிரௌன்றிக்கின் பெயரை ஊவா மக்கள் எளிதில் மறத்தற்கில்லை. 1817ஆம் ஆண்டு ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பதுளையிலிருந்த ஆங்கில அதிகாரி வில்சன் கொல்லப்பட்டார். கிளர்ச்சியாளர் தமக்கு மன்னனாக முன்னிறுத்தியவன், நாடு கடத்தப்பட்ட நாயக்க மன்னனின் உறவினன் என்று கூறிக்கொண்டு துரைசாமி என்னும் பெயரோடு தோன்றியவன் ஆவான். அவ்வுரிமை மெய்யானதன்று. ஆயினும் சிங்களக் குடியானவர் ஒரு துரைசாமியின் பெயரால் ஆயுதமேந்த அன்று தயங்கவில்லை என்பது கருதத்தக்கது. இனத்தின் பெயரால் மக்களைப் பிரித்துவைக்க விரும்புவோர் இச்செய்தியைப் பாடப்புத்தகத்தில் உரக்கச் சொல்வதில்லை. 1818ஆம் ஆண்டு முடிவதற்குள் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. இராணுவச் சட்டத்தின் கீழ் வீடுகள் எரிக்கப்பட்டன, வயல்களும் நீர்ப்பாசன வழிகளும் பாழாக்கப்பட்டன, கால்நடைகள் அழிந்தன. நெல் விளைந்த வெல்லஸ்ஸ காடாயிற்று.

அதே பிரௌன்றிக் 1830ஆம் ஆண்டிற் பிரித்தானிய நூதனசாலைக்கு ஒரு சிலையை அளித்தார். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்திற் கிடைத்ததாகக் கூறப்படும் தாராதேவியின் சிலை அது. ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டிற்குரியது, பொன்முலாம் பூசிய வெண்கலத்தாலாயது, ஏறக்குறைய ஆளுயரமுடையது. இலண்டனில் உண்மைச் சிலை இருக்கின்றது. கொழும்பில் அதன் பிரதி இருக்கின்றது. அந்நூதனசாலையின் பதிவில் இது 'நன்கொடை' எனக் குறிக்கப்பட்டுள்ளது. ஊவாவை எரித்த கை கலையுலகிற்கு நன்கொடை வழங்கிய கையாகவும் சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்டது. ஏகாதிபத்தியத்தின் நூதனசாலை செய்யும் முதலாவது வேலை இதுவே: பொருள் வந்த வழியை மறைத்து, வந்தடைந்த இடத்தைப் புனிதமாக்குதல்.

இனி, ஊவாக் கிளர்ச்சியின் தலைவனாகிய மொனரவில கெப்பெட்டிபொலவின் கதையைப் பார்ப்போம். ஊவாவின் திசாவையாக இருந்த அவர், கிளர்ச்சியை அடக்குமாறு ஆங்கிலேயரால் அனுப்பப்பட்டவர். சென்ற இடத்தில் மக்களின் பக்கம் சேர்ந்தார். சேருமுன் அரசாங்கம் தந்த ஆயுதங்களை அரசாங்கத்திற்கே திருப்பி அனுப்பினார். 1818ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி கண்டியில் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருடைய மண்டையோட்டை இராணுவ வைத்தியராகிய ஹென்றி மார்ஷல் எடுத்துச் சென்றார். அது எடின்பரோ நகரின் கபாலவியற் சங்கத்தைச் சேர்ந்தது. கபாலத்தின் மேடுபள்ளங்களைத் தடவி மனிதனின் குணத்தைக் கணிக்கலாம் என்று நம்பிய போலி விஞ்ஞானம் அது. ஒரு நாட்டின் வீரன் மற்றொரு நாட்டில் அளவுகோலுக்குட்பட்ட எலும்பாக அலுமாரியில் வீற்றிருந்தான். சுதந்திரத்திற்குப் பின்னர் அந்த எலும்பு நாடு திரும்பியது. 1954ஆம் ஆண்டு கண்டியில் நினைவுச் சின்னத்தின்கீழ் மரியாதையோடு வைக்கப்பட்டது.

கெப்பெட்டிபொல தனியாளாக எடின்பரோ செல்லவில்லை. இலங்கை வேடரின் மண்டையோடுகளும் அந்நகருக்குச் சென்றிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய ஆய்வாளருக்கு வேடர் 'ஆதிமனிதர்' எனும் அரும்பொருளாகவே தோன்றினர். 1880களில் இங்கு வந்த சுவிற்சர்லாந்து ஆய்வாளரும் ஒருவர்க்கொருவர் உறவினருமாகிய சராசின் இருவர் வேடரின் எலும்புகளைத் தேடித் திரட்டினர். உயிரோடு ஒரு சமூகம் கண்முன் நிற்க, அதன் எலும்பைத் தேடிய விஞ்ஞானம் இது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் எடின்பரோ பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த ஒன்பது மண்டையோடுகளை வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோவிடம் திருப்பி ஒப்படைத்தது. அவர் வாழும் தம்பானை பதுளை மாவட்டத்திலே மகியங்கனைக்கு அப்பால் உள்ள கிராமம்.

இந்நிகழ்ச்சியில் ஒரு புதுமையுண்டு. 1934இற் பொருள் கைமாறியது முடியாட்சிக்கும் குடியேற்ற அரசாங்கத்திற்கும் இடையே. கெப்பெட்டிபொலவின் கபாலம் திரும்பியது ஒரு தேசத்திற்கு. 2019இலோ ஒரு கல்வி நிறுவனம் ஒரு மக்கட் கூட்டத்தின் தலைவரிடமே, அவருடைய முன்னோரை ஒப்படைத்தது. அரசுகளுக்கிடையே நிகழ்ந்துவந்த பரிமாற்றம் மக்களை நோக்கி ஓரடி நகர்ந்தது எனலாம். அதேவேளை மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். வேடர் வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த மாதுறு ஓயாக் காடு 1983ஆம் ஆண்டு தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அவர்களது பழைய வாழ்வு அதனோடு அறுபட்டது. முன்னோரின் தலைகள் கடல் கடந்து வந்தன. காடு மட்டும், கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தும், வந்து சேரவில்லை.

ஒல்லாந்தர் கதையும் அண்மையில் ஒரு திருப்பத்தை அடைந்தது. 1765ஆம் ஆண்டு தேசாதிபதி வான் எக்கின் படை கண்டியைச் சூறையாடியபோது எடுத்துச் சென்ற பொருள்களுள், லெவ்கே திசாவை மன்னனுக்கு அளித்த சிறு பீரங்கி புகழ்பெற்றது. வெண்கலக் குழாயும் வெள்ளியும் பொன்னும் மணியும் இழைத்த அலங்காரமும் உடையது. அம்ஸ்ரடாம் நூதனசாலையில் நெடுங்காலம் காட்சிப்பொருளாக இருந்த அப்பீரங்கியையும், வாள், கத்தி, துப்பாக்கி முதலிய வேறு ஐந்து பொருள்களையும் திருப்பித் தர நெதர்லாந்து அரசாங்கம் 2023ஆம் ஆண்டு யூலையில் முடிவு செய்தது; அவ்வாண்டு திசெம்பரில் அவை கொழும்பில் ஒப்படைக்கப்பட்டன. அதே முடிவின்படி இந்தோனேசியாவிற்கு 472 பொருள்கள் உரித்தாயின. பிரித்தானியாவிலோ 1963ஆம் ஆண்டின் சட்டம், பிரித்தானிய நூதனசாலை தன்னிடமுள்ள பொருள்களைக் கைவிடுவதை மிக இறுக்கமாகத் தடுக்கின்றது. யுனெஸ்கோவின் 1970ஆம் ஆண்டு உடன்படிக்கையும் தனக்கு முற்பட்ட காலத்துக் கொள்ளையைத் தொடுவதில்லை. ஆகவே, திருப்பிக் கொடுத்தல் என்பது இன்னும் பெரும்பாலும் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்ததாகவே இருக்கின்றது.

இதுவரை கூறியன மன்னரின் பொருளும் வீரரின் எலும்பும் வேடரின் எலும்பும் பற்றியன. ஊவாவின் மூன்றாவது மனிதனாகிய தோட்டத் தொழிலாளி எங்கே? அவனை இவ்வரிசையிற் காண்பதற்கு முன், அவன் இம்மலைக்கு ஏன் வந்தான் என்பதைத் தெளிந்துகொள்ளல் வேண்டும்.

1818இல் ஊவாவின் முதுகெலும்பு முறிக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடும் மேய்ச்சல் நிலமும் முடிக்கே உரியன என்றது. குடியானவனின் சேனையும் புல்வெளியும் இவ்வாறு விலைப்பொருளாயின. கோப்பித் துரைமார் வாங்கினர். அந்நிலத்தில் உழைப்பதற்குத் தென்னிந்தியாவின் வறண்ட கிராமங்களிலிருந்து தமிழ் மக்கள் கங்காணிமாரால் அழைத்து வரப்பட்டனர். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்தோரிற் பசியாலும் கொள்ளை நோயாலும் மாண்டோர் தொகை பெரிது. 1869ஆம் ஆண்டு இதே ஊவாவின் மடூல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைநோய் முதன்முதலிற் கண்டறியப்பட்டது. கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. 1890ஆம் ஆண்டு தோமஸ் லிப்டன் அப்புத்தளையின் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1924ஆம் ஆண்டு புகையிரதம் பதுளையைத் தொட்டது.

ஆகவே, நிலமிழந்த சிங்களக் குடியானவனும் ஊரிழந்த தமிழ்த் தொழிலாளியும் ஒரே கையினால் அடிக்கப்பட்டவர்கள். ஒருவனிடமிருந்து மண்ணைப் பறித்து, மற்றவனை அம்மண்ணிற் பிணைத்து, பின்னர் இருவரையும் ஒருவரையொருவர் பகைவராகக் கருதச் செய்த சூழ்ச்சியே நமது அண்மைக்காலச் சரித்திரத்தின் பெரும்பகுதி. அச்சூழ்ச்சியின் விளைவாக 1983ஆம் ஆண்டு யூலையிற் பதுளை நகரமும் எரிந்தது.

தேயிலையோ உலகெங்கும் தூது சென்றது. 1893ஆம் ஆண்டு சிக்காக்கோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் இலங்கை மண்டபம் ஒன்று எழுப்பப்பட்டது. கண்டி நாட்டுச் சிற்ப முறையிற் செதுக்கிய மரத்தூண்கள் அதனைத் தாங்கின. உள்ளே தேநீர் பரிமாறப்பட்டது. கண்டியின் கலை தேயிலையின் விளம்பரமாயிற்று. ஒரு நாட்டின் பண்பாட்டை அந்நாட்டை ஆள்பவர் தம் வாணிகத்தின் பொருட்டு உலகிற்குக் காட்டிய விதம் இது. லிப்டனின் பெயர் உலகறிந்தது. அப்புத்தளை மலையுச்சியில் அவர் அமர்ந்து நோக்கியதாகச் சொல்லும் இடத்தைக் காண இன்றும் வெளிநாட்டார் வருகின்றனர். அவர்கள் ஏறிச்செல்லும் வழியின் இருமருங்கும் கொழுந்து கொய்யும் பெண்களின் பெயரை உலகம் அறியாது.

தொழிலாளிக்கும் ஓர் அரும்பொருள் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்க்கு ஒரு சிறு தகர வில்லை கொடுக்கப்பட்டது. அதில் தோட்டத்தைக் குறிக்கும் அடையாளமும் இலக்கமும் பொறித்திருந்தன. நூதனசாலையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம் இடுவதுண்டு. அது பொருளைப் பேணுவதற்கு. இங்கே மனிதனுக்கே இலக்கம் இட்டனர். அது அவன் வழிமாறிப் போகாமற் காப்பதற்கு. அவன் பட்ட கடனை எழுதிய 'துண்டு' என்னும் சீட்டோ அவனை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்குக் கைமாற்றியது. அத்துண்டு முறை 1921ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

சுதந்திரம் வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒக்தோபர் 30ஆந் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். 9,75,000 மக்கள் கணக்கிடப்பட்டனர். அவருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் பேசித் தீர்க்கப்படும். 1974ஆம் ஆண்டு அவ்வெச்சத்தையும் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டன. நட்புறவின் சாதனை என்று அன்று பாராட்டினோர் இரு தலைநகரங்களிலும் உளர். ஆனால் பண்டமாற்றுப் போலப் பங்கிடப்பட்ட அம்மக்களிடம் எவரும் கேட்கவில்லை. சிம்மாசனத்தைப் பற்றிக் காட்டிய கரிசனையில் ஒரு பங்கேனும் அம்மனிதரைப் பற்றிக் காட்டப்பட்டதா என்பதே நம் வினா.

பதுளையிலும் பண்டாரவளையிலும் ஏறித் தலைமன்னார் நோக்கிச் சென்ற வண்டியை மலையக மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றழைத்தனர். ஒரு குடும்பத்தில் தாய்க்கு ஒரு நாடும் மகளுக்கு ஒரு நாடும் வாய்த்தது. சென்றோரில் ஒரு பகுதியினர் நீலகிரியிற் குடியமர்த்தப்பட்டனர். அவர்களின் பொருட்டே தமிழ்நாட்டு அரசாங்கம் 1968ஆம் ஆண்டு தேயிலைத் தோட்டத் திட்டமொன்றைத் தொடங்கியது. ஊவாவிற் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை கூடலூரிலும் கோத்தகிரியிலும் அதே கத்தியைப் பிடித்தது. 1984ஆம் ஆண்டு கப்பற் சேவை நின்றது. இங்கு எஞ்சியோரின் பிரசாவுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒருவாறு தீர்ந்தது.

இந்த வாழ்வு எந்த நூதனசாலையில் இருக்கின்றது? கண்டிக்கு அண்மையில் ஹந்தானையில், 1925ஆம் ஆண்டிற் கட்டிய பழைய தொழிற்சாலையொன்றிலே தேயிலை நூதனசாலை 2001ஆம் ஆண்டு முதல் இயங்குகின்றது. இலங்கையின் முதற் தேயிலைத் துரையாகிய ஜேம்ஸ் டெயிலரின் நினைவுப் பொருள்களும் உருட்டும் இயந்திரங்களும் அங்கே உள. அதுவும் வேண்டியதே; இயந்திரத்தின் சரித்திரமும் சரித்திரமே. ஆனால் இயந்திரத்திற்குக் கொழுந்து கொணர்ந்த முதுகின் சரித்திரத்தைக் காண வேறிடம் செல்ல வேண்டும். கம்பளைப் பக்கத்து ஓல்ட் பீகொக் தோட்டத்தின் பழைய லயத்தில், சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007ஆம் ஆண்டு தொழிலாளர்க்கென ஒரு நூதனசாலையை அமைத்தது. மாளிகையிலன்றி லயத்திலே அமைந்தது என்பதே அதன் தனிச் சிறப்பு. பொருளை அதன் இடத்திலிருந்து பெயர்த்து மகிமைப்படுத்தும் பழைய முறைக்கு நேர்மாறானது இது.

ஊவாவும் இம்முயற்சியிற் பின்நிற்றல் ஆகாது. பதுளைப் பொது நூலக வளவில் ஒரு கற்றூண் நிற்கின்றது. மகியங்கனைப் பக்கத்து ஹொரபொர குளத்தருகே கிடந்த அதனை 1857ஆம் ஆண்டு ஆங்கில அதிகாரி ஜோன் பெய்லி பதுளைக்குக் கொணர்ந்தார். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு எதைக் கூறுகின்றது? ஹொப்பிட்டிகம என்னும் சந்தையின் வணிகரும் குடிகளும், அரச அலுவலர் முறைகேடாகத் தண்டம் அறவிடுகின்றனர் என மன்னனிடம் முறையிட, மன்னன் அவர்க்கு விதித்த ஒழுங்குகளைக் கூறுகின்றது. ஆயிரமாண்டுக்கு முன் எளிய மக்கள் அதிகாரத்தின் முன் நின்று நியாயங் கேட்ட சாசனம் அது. அந்தத் தூணுக்கு அருகே 1818இன் கதையும், தம்பானையின் கதையும், தகர வில்லையின் கதையும் இடம்பெறுதல் தகும். 1940ஆம் ஆண்டு மே மாதம் பதுளையின் வேவெஸ்ஸ தோட்டத்திற் சமசமாசக் கட்சியினரின் வழிகாட்டலில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர், தாம் தெரிந்தெடுத்த சபையோடு கலந்து செயற்படத் தோட்ட நிருவாகத்தை இணங்கச் செய்தனர். அக்கதையும் அதே அறைக்கு உரியது.

இப்பணியை அரசாங்கம் தொடங்கட்டும் என்று காத்திருப்பதிற் பயனில்லை. ஆசிரியராகிய நமக்கும் மாணவர்க்கும் இதில் உடனடியாகச் செய்யத்தக்கது உண்டு. பழைய கொழுந்துக் கூடை, இடுப்பிற் கட்டிய படங்கு, தேய்ந்த கவ்வாத்துக் கத்தி, காமன் கூத்தில் அடித்த தப்பு, செக்ரோல் துண்டு, நாடற்றவர் என முத்திரையிட்ட காகிதம், தமிழ்நாட்டிலிருந்து வந்த கடிதம் ஆகியன லயங்களிலே கறையானுக்கு இரையாகின்றன. அவற்றை வகுப்புக்கு ஒரு பட்டியலாகத் தொகுக்கலாம். பொருளை வீட்டிலேயே விட்டு, அதன் கதையை மாத்திரம் உடையவரின் வாய்மொழியில் எழுதி வைக்கலாம். பொருளினும் அதன் கதை முதலில் அழிவது. முதியோர் ஒருவர் கண்மூடும்போது அதுவும் மூடப்படுகின்றது. சிங்களப் பாடசாலையின் மாணவர் தம் பாட்டன்மாரின் கலப்பையையும் சேனைக் காவற்பாட்டையும் இவ்வாறே குறித்து வைத்தால், இரு பட்டியல்களும் ஒரு மேசையில் சந்திக்கும். நாடுகளுக்கிடையே நிகழவேண்டிய பண்பாட்டுப் பரிமாற்றம் முதலில் ஒரே மலையின் இரு சரிவுகளுக்கிடையே நிகழ்தல் வேண்டும்.

அதன் பின்னர் கடலையும் கடக்கலாம். பசறையின் ஒரு பாடசாலையும் கூடலூரின் ஒரு பாடசாலையும் தத்தம் பட்டியல்களை மாற்றிக்கொள்வது கடினமன்று. இங்கே பாதியாய் நின்ற ஒரு குடும்பத்தின் கதை அங்கே முடிவு பெறக்கூடும். அமைச்சர்கள் கைகுலுக்கும் விழாவுக்கு இது ஈடாகாது என்று சிலர் கூறலாம். 1964இல் இரு அரசுகள் மக்களைப் பரிமாறிக்கொண்டன. அறுபது ஆண்டுகளின் பின் அம்மக்களே தம் நினைவுகளைப் பரிமாறிக்கொள்வார்களாயின், அவ்வொப்பந்தத்திற்குக் கேட்கப்படாத மக்கள் தரும் பதிலாக அது அமையும்.